அறிக்கையில் ‘லாக்ஸ் எல்.இ.எஸ்.’ என்று இருக்கிறது: உணவுக்குழாயின் வால்வு உண்மையிலேயே தளர்ந்துவிட்டதா?

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சாப்பிட்டபின் நெஞ்செரிச்சலும், குனிந்தால் புளித்த நீர் தொண்டை வரை எதுக்களித்து வருவதும் எனக்குச் சில ஆண்டுகளாகவே இருக்கின்றன. அண்மையில் எண்டோஸ்கோபி செய்து பார்த்தார்கள். உணவுக்குழாயில் புண் எதுவும் இல்லை என்றும், ‘லாக்ஸ் எல்.இ.எஸ்.’ என்றும் அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். உணவுக்குழாயின் அடியில் இருக்கும் வால்வு தளர்ந்துவிட்டது என்று மட்டும் சொல்லி, பாண்டோப்ரசோல் மாத்திரையைத் தொடரச் சொன்னார்கள். மாத்திரை எடுத்தால் எரிச்சல் நன்றாகக் குறைகிறது. ஆனால் நீர் மேலேறி வருவது மட்டும் நிற்கவில்லை.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. ஒரு தசை தளர்ந்துவிட்டது என்றால் அது வாழ்நாள் முழுவதும் அப்படியே இருக்குமா, அல்லது அதை மீண்டும் இறுக்க வழி உண்டா? மாத்திரை எரிச்சலைத் தணித்தும் எதுக்களிப்பைத் தணிக்காதது ஏன்? இத்துறையை அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் என்னைப் போன்ற பலருக்கும் பயன்படும்.

குடல்நலம் எழுதியது:

வணக்கம். நான் இரைப்பைக் குடல் மருத்துவத் துறையில் பணியாற்றுபவன். உங்கள் அறிக்கையை நேரில் பார்க்காமல் உங்களுக்கென்று மருத்துவம் சொல்ல இயலாது. ஆனால் இந்தத் தொடர் நம் நாட்டு எண்டோஸ்கோபி அறிக்கைகளில் மிக அதிகமாக இடம்பெற்று, மிக அதிகமான மனிதர்களைக் கலங்க வைக்கிறது என்பதால் பொதுவாக விளக்குகிறேன்.

உணவுக்குழாய் இரைப்பையுடன் சேரும் இடத்தில் 3 முதல் 4 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு சுருக்குத்தசை இருக்கிறது. அதைத்தான் எல்.இ.எஸ். என்று சுருக்கி எழுதுகிறார்கள், ‘லாக்ஸ்’ என்றால் தளர்ந்தது என்று பொருள். ஓய்வு நிலையில் அது தானாகவே சுருங்கி, ஏறத்தாழ 10 முதல் 30 மில்லிமீட்டர் பாதரச அளவு அழுத்தத்துடன் வாயிலை மூடி வைத்திருக்கும். அதே இடத்தில், மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் தசைநார்கள் உணவுக்குழாயை வெளியிலிருந்து சுற்றிப் பிடித்து, நாம் மூச்சை உள்ளிழுக்கும் ஒவ்வொரு முறையும் கூடுதலாக இறுக்குகின்றன. ஆகவே அங்கே இருப்பது ஒரு வால்வு அன்று, உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு காவல்கள். இரைப்பை உணவுக்குழாயைச் சாய்வான கோணத்தில் சந்திப்பதால் உட்சுவரில் உண்டாகும் மடிப்பும் இவற்றுக்குத் துணை நிற்கிறது.

எண்டோஸ்கோபியின்போது மருத்துவர் காண்பது சில நிமிடக் காட்சி மட்டுமே. அந்நேரத்தில் இரைப்பைக்குள் காற்று செலுத்தப்பட்டிருக்கும், நோயாளி குமட்டிக் கொண்டிருப்பார் அல்லது மயக்க மருந்தின் பிடியில் இருப்பார். அந்நிலையில் வாயில் திறந்து தெரிவதை வைத்து அத்தசையின் ஓய்வுநிலை அழுத்தம் குறைந்துவிட்டது என்று முடிவு கட்ட இயலாது. அழுத்தத்தை அளப்பதற்கு மானோமெட்ரி என்ற தனிப் பரிசோதனை இருக்கிறது. எண்டோஸ்கோபியிலேயே மதிப்பிட வேண்டுமானால், குழாயை இரைப்பைக்குள் திருப்பி, அந்த மடிப்பு எவ்வளவு நெருக்கமாகக் குழாயைத் தழுவியிருக்கிறது என்று பார்த்து 1 முதல் 4 வரை தரம் குறிக்கும் ஹில் முறை உண்டு. வெறுமனே ‘லாக்ஸ்’ என்று எழுதுவதை விட அது பல மடங்கு பயனுள்ளது என்பது என் உறுதியான கருத்து.

இதைவிடவும் முக்கியமான ஒன்று இருக்கிறது. எதுக்களிப்பு உள்ளவர்களில் கணிசமானோருக்கு அத்தசை நிரந்தரமாகத் தளர்ந்திருப்பதில்லை. அதன் அழுத்தம் இயல்பாகவே இருக்கும். ஆனால் திறக்கக் கூடாத நேரத்தில், விழுங்குதல் எதுவும் நிகழாதபோது, அது சில விநாடிகள் முழுமையாகத் தளர்ந்துவிடும். அமிலம் மேலேறுவது பெரும்பாலும் அந்த விநாடிகளில்தான்.

உடலியங்கியல்_ஆசிரியை எழுதியது:

மருத்துவர் சொன்ன இறுதிக் கருத்தை விரித்துச் சொல்ல விரும்புகிறேன். மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். இப்பாடத்தை நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் வியப்புடன் கேட்ட பகுதி இது.

நாம் ஒரு கவளத்தை விழுங்கும்போது அச்சுருக்குத்தசை 6 முதல் 8 விநாடி வரை தளர்ந்து, உணவை உள்ளே விட்டுவிட்டு மூடிக்கொள்ளும். அலையலையாக வரும் உணவுக்குழாயின் சுருக்கம் பின்தொடர்ந்து வருவதால் எதுவும் மேலேற வாய்ப்பில்லை. திறக்கக் கூடாத நேரத்தில் நிகழ்வதாக மருத்துவர் சொன்ன தளர்வுக்கு நிலையற்ற தளர்வு என்று பெயர், அது இதிலிருந்து வேறுபட்டது. அது விழுங்காமலே நிகழும், 10 விநாடிக்கு மேல் நீடிக்கும், சில சமயம் அரை நிமிடத்தையும் கடக்கும். அந்நேரத்தில் உணவுக்குழாயில் கீழ்நோக்கிய அலை இருக்காது. அதற்கு மாறாக அதன் நீளவாட்டுத் தசைகள் சுருங்கிக் குழாயைக் குறுக்கும். இவை எல்லாவற்றையும் விடக் கவனிக்கத்தக்கது, உதரவிதானத்தின் பிடியும் அதே கணத்தில் விலக்கப்படுவதுதான். இரண்டு காவல்களும் ஒரே கட்டளைக்கு ஒதுங்குகின்றன. உதரவிதானத்தின் இப்பங்கை ரவீந்தர் மிட்டல் போன்ற ஆய்வாளர்கள் விரிவாக ஆராய்ந்து நிறுவினர்.

அக்கட்டளை எங்கிருந்து வருகிறது? உணவாலோ காற்றாலோ இரைப்பையின் மேற்பகுதி விரியும்போது, அங்குள்ள நீட்சி உணர்விகள் வேகஸ் நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்புகின்றன. அங்கிருந்து அதே வேகஸ் நரம்பின் வழியாகவே கட்டளை திரும்பி வந்து, தசைச் சுவரிலுள்ள நரம்பணுக்களைத் தூண்டி நைட்ரிக் ஆக்சைடை வெளியிடச் செய்கிறது. அதனால் தசை தளர்கிறது. நாய்களில் செய்த ஆய்வு ஒன்றில் வேகஸ் நரம்பைக் குளிரூட்டித் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்தபோது இத்தளர்வுகள் நின்றுபோயின. ஆகவே இது தசையின் பலவீனம் அன்று, நரம்பு நடத்தும் ஓர் அனிச்சைச் செயல்.

இந்த அனிச்சைச் செயலுக்கு ஒரு தேவையும் இருக்கிறது. நாம் உணவுடன் விழுங்கும் காற்று வெளியேற வேண்டும். ஏப்பம் என்பது இதே தளர்வின் வழியாகத்தான் வருகிறது. குழந்தை பால் குடித்தபின் தோளில் போட்டுத் தட்டும்போது வெளிவரும் ஏப்பமும், அதனுடன் சேர்ந்து வழியும் பாலும் ஒரே நிகழ்வின் இரு விளைவுகள்.

வழிப்போக்கன்_மதுரை எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி, அம்மா. ஆனால் எனக்கு ஓர் இடம் இடிக்கிறது. இத்தளர்வு ஏப்பம் விடுகிற எல்லோருக்கும் நிகழ்கிறது என்றால், எல்லோருக்கும் அல்லவா நெஞ்செரிச்சல் வர வேண்டும்? என் வீட்டில் என் தந்தையார் இரவு பத்து மணிக்குப் பரோட்டா சாப்பிட்டுவிட்டுப் படுத்தாலும் நிம்மதியாக உறங்குகிறார். எனக்கோ அரைத் தட்டு தோசைக்கே புளித்த ஏப்பம் வருகிறது. பழுதில்லாத ஒரு செயலை நோய்க்குக் காரணமாகச் சொல்வது எப்படிப் பொருந்தும்? மேலும், இப்படியொரு தளர்வு நிகழ்கிறது என்று யார், எவ்வாறு கண்டுபிடித்தார்கள்?

உடலியங்கியல்_ஆசிரியை எழுதியது:

கேள்வி சரியானது. முதலில் வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் முதல் கேள்விக்கான பாதி விடை அதில் இருக்கிறது.

1956-இல் ஃபைக், கோட், ஷ்லெகல் ஆகியோர் அழுத்தத்தை அளந்து, உணவுக்குழாயின் அடியில் ஓர் உயரழுத்தப் பகுதி இருப்பதைக் காட்டினர். அதன்பின் நெடுங்காலம், அந்த அழுத்தம் குறைந்தால் எதுக்களிப்பு வரும் என்ற எளிய விளக்கமே நிலவியது. மூச்சு விடும்போதும் விழுங்கும்போதும் அத்தசை மேலும் கீழும் நகரும் என்பதால், ஒரு புள்ளியில் மட்டும் அளக்கும் கருவி அதைத் தவறவிட்டுவிடும். அத்தடையை 1976-இல் ஆஸ்திரேலியரான ஜான் டென்ட் நீக்கினார். சுருக்குத்தசை எங்கு நகர்ந்தாலும் அதன் அழுத்தத்தைத் தொடர்ச்சியாகப் பதிவு செய்யும் நீளமான உறை போன்ற உணர்வியை அவர் உருவாக்கினார். அதைப் பொருத்தி, உடன் அமிலத்தையும் அளந்தபோது, நலமானவர்களுக்கு அமிலம் மேலேறும் தருணங்களில் தசையின் அழுத்தம் மெல்ல மெல்லக் குறையவில்லை, திடீரெனச் சுழியத்துக்கு இறங்கி மீண்டது என்பது 1980-இல் வெளியான ஆய்வில் தெரிய வந்தது.

1982-இல் டாட்ஸ், டென்ட் முதலியோர் உணவுக்குழாயில் புண்ணுடன் கூடிய நோயாளிகளையும் நலமானவர்களையும் ஒப்பிட்டனர். நலமானவர்களில் 94 விழுக்காட்டு எதுக்களிப்பு நிலையற்ற தளர்வின்போது நிகழ்ந்தது. நோயாளிகளில் அது 65 விழுக்காடாக இருந்தது. மீதியில் 17 விழுக்காடு வயிற்றழுத்தம் திடீரென உயர்ந்ததாலும், 18 விழுக்காடு தசையின் அழுத்தமே குறைந்து அமிலம் தடையின்றி ஏறியதாலும் நிகழ்ந்தன. அதாவது, புண் உண்டாகும் அளவுக்கு நோய் முற்றியவர்களிடம் நிரந்தரத் தளர்ச்சிக்கும் பங்கு இருக்கிறது. அவர்களிடமும் முதலிடம் நிலையற்ற தளர்வுக்கே.

எல்லோருக்கும் நிகழும் ஒன்று சிலரை மட்டும் வாட்டுவது ஏன் என்பதை மருத்துவரே சொல்வது பொருத்தமாக இருக்கும்.

குடல்நலம் எழுதியது:

சொல்கிறேன், அம்மா. வழிப்போக்கன் அவர்களே, நோயாளிகளுக்குத் தளர்வுகளின் எண்ணிக்கை எப்போதும் மிக அதிகமாக இருப்பதில்லை. பல ஆய்வுகளில் நலமானவர்களுக்கு நெருக்கமாகவே இருந்திருக்கிறது. வேறுபாடு எங்கே என்றால், ஒவ்வொரு தளர்வின்போதும் மேலே வருவது என்ன என்பதில். நலமானவருக்குப் பெரும்பாலும் காற்று மட்டும் வெளியேறும். நோயாளிக்கு அமிலமும் சேர்ந்து வரும் விகிதம் கூடுதல்.

இதற்கு ஒரு காரணம் 2001-இல் கிளாஸ்கோ நகரின் மெக்கோல் குழுவினர் கண்டறிந்த அமிலப் படலம். சாப்பிட்டபின் இரைப்பையின் உட்பொருள் உணவால் நடுநிலையாக்கப்பட்டு அமிலத்தன்மை குறைந்திருக்கும். ஆனால் வாயிலுக்கு நேர் கீழே, உணவின் மேற்பரப்பில், உணவுடன் கலக்காத வலுவான அமிலம் ஓர் அடுக்காகத் தங்கியிருக்கும். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும் நெஞ்சு எரிவது எப்படி என்ற பழைய புதிருக்கு இக்கண்டுபிடிப்பு விடை தந்தது. உதரவிதானத் துளை வழியாக இரைப்பையின் மேற்பகுதி மார்புக்குள் ஏறியிருக்கும் ஹயாட்டஸ் ஹெர்னியா உள்ளவர்களிடம் அந்த அமிலப் படலம் உதரவிதானத்துக்கு மேலேயே தேங்கி நிற்கும். உள்காவலும் வெளிக்காவலும் ஒரே மட்டத்தில் இல்லாமல் பிரிந்துவிடுவதால் அவர்களுக்கு அமிலம் ஏறும் வாய்ப்பு மிகுதி.

அடுத்தது, ஏறிய அமிலம் எவ்வளவு விரைவாகத் திரும்புகிறது என்பது. விழுங்கும் அலை அதைக் கீழே தள்ளும், உமிழ்நீரிலுள்ள பைகார்பனேட் எஞ்சியதை நடுநிலையாக்கும். ஆழ்ந்த உறக்கத்தில் தளர்வுகள் ஏறக்குறைய நின்றுவிடும் என்பது ஆறுதலான செய்தி. ஆயினும் உறக்கத்தின் இடையே விழிப்புத் தட்டும்போது ஒரு முறை ஏறிவிட்டால், விழுங்குதலும் உமிழ்நீரும் குறைந்திருக்கும் அந்நேரத்தில் அமிலம் நெடுநேரம் அங்கேயே தங்கும். இரவு எதுக்களிப்பு எண்ணிக்கையில் குறைவாக இருந்தும் புண்ணை மிகுதியாக உண்டாக்குவது இதனால்தான்.

கடைசியாக, உணவுக்குழாயின் உணர்திறன் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரே அளவு அமிலம் உங்கள் தந்தையாருக்குத் தெரியாமலே போகலாம், உங்களுக்கு நெருப்பாக எரியலாம். நம் உணவிலுள்ள மிளகாய் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் உணவுக்குழாயின் எரிச்சல் உணர்விகளை நேரடியாகத் தூண்டுகிறது.

மருந்தகத்_தோழர் எழுதியது:

காவிரிக்கரை அவர்களின் இரண்டாவது கேள்விக்கு, மருந்தாளர் என்ற முறையில் நான் விடை சொல்ல முயல்கிறேன். மக்கள் ‘கேஸ் மாத்திரை’ என்று கேட்டு வாங்கும் பாண்டோப்ரசோல், ஒமேப்ரசோல், ரபிப்ரசோல் ஆகியவை இரைப்பைச் செல்களிலுள்ள அமிலப் பம்பை அடைக்கின்றன. சுருக்குத்தசையை அவை தொடுவதே இல்லை. தளர்வும் நிகழும், நீரும் ஏறும். ஆனால் ஏறும் நீரில் அமிலத்தன்மை குறைந்திருக்கும். 2001-இல், அமிலம் இல்லாத எதுக்களிப்பையும் காட்டும் மின்தடை அளவீட்டைப் பயன்படுத்திச் செய்த ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: மருந்துக்கு முன்னும் பின்னும் எதுக்களிப்பின் எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியே இருந்தது, அமில எதுக்களிப்பு மட்டும் அமிலம் குறைந்த எதுக்களிப்பாக மாறியிருந்தது. எரிச்சல் தணிந்தும் எதுக்களிப்பு தணியாமல் உங்களுக்கு இருப்பது மருந்தின் தோல்வி அன்று. அம்மருந்தின் வேலை அவ்வளவுதான்.

அந்த மாத்திரையைப் பலர் சாப்பிட்டபின் விழுங்குகிறார்கள். உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு எடுத்தால்தான், உணவு வந்து பம்புகள் இயங்கத் தொடங்கும் வேளையில் மருந்து இரத்தத்தில் இருக்கும்.

அவற்றுடன் டாம்பெரிடோன் சேர்ந்த கேப்சூல் நம் ஊரில் மிகுதியாக விற்கிறது. நிலையற்ற தளர்வை அது குறைக்கும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. இதயத் துடிப்பின் சீரைப் பாதிக்கும் ஆபத்தின் காரணமாக ஐரோப்பிய மருந்துகள் முகமை 2014-இல் அதன் பயன்பாட்டைக் குமட்டலுக்கும் வாந்திக்கும் மட்டும் எனக் கட்டுப்படுத்தியது. ஆண்டுக்கணக்கில் மருத்துவரைக் காணாமல் பழைய சீட்டைக் காட்டி வாங்குபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

தளர்வையே குறைக்கும் மருந்து ஒன்று இருக்கிறது. தசை விறைப்புக்குக் கொடுக்கப்படும் பேக்லோஃபென், மூளைத்தண்டிலும் வேகஸ் நரம்பிலும் உள்ள காபா-பி ஏற்பிகளில் செயல்பட்டு, அந்த அனிச்சைச் செயலைக் கணிசமாகத் தடுக்கிறது. ஆனால் உறக்கக் கிறக்கம், தலைச்சுற்றல், குழப்பம் ஆகியவை வரும். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு அது ஆபத்தானது. பக்கவிளைவின்றி அதே வேலையைச் செய்யும் என்று நம்பி லெசோகாபெரான் என்ற மருந்தை உருவாக்கினார்கள். எதிர்பார்த்த பயன் கிட்டாததால் அது கைவிடப்பட்டது. ஆகவே பேக்லோஃபென் தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும், மருத்துவர் கண்காணிப்பில் மட்டும் தரப்படுவது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நிஃபெடிபின் போன்ற இரத்த அழுத்த மருந்துகள், மார்வலிக்கான நைட்ரேட்டுகள், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் ஆகியவை இத்தசையின் ஓய்வழுத்தத்தைக் குறைப்பவை. உங்களுக்கு அவை இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

நெடுஞ்சாலை_இரவு எழுதியது:

நான் சரக்கு வாகன ஓட்டுநர். இரவு பதினொரு மணிக்குச் சாலையோரக் கடையில் பிரியாணி, அதன்மேல் ஒரு சோடா, பிறகு வண்டியின் இருக்கையிலேயே சாய்ந்து ஒரு மணி நேரத் தூக்கம். இதுதான் எங்கள் வாழ்க்கை. சோடா குடித்தால் ஏப்பம் வந்து வயிறு லேசாகிறது, ஆனால் சற்று நேரத்தில் நெஞ்சு எரிகிறது. சோடா நல்லதா, கெட்டதா? மருத்துவர் ஐயா எங்களைப் போன்றவர்களுக்கு நடைமுறையில் முடிந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

குடல்நலம் எழுதியது:

தம்பி, உங்கள் அனுபவமே மேலே அம்மா சொன்ன அனிச்சைச் செயலை அப்படியே காட்டுகிறது. சோடாவிலுள்ள வாயு இரைப்பையின் மேற்பகுதியை விரிக்கிறது, அந்த விரிவு தளர்வைத் தூண்டுகிறது, ஏப்பம் வருகிறது, வயிற்றின் இறுக்கம் குறைகிறது. நீங்கள் உணரும் நிம்மதி உண்மையானது. ஆனால் அந்தத் தளர்வின்போது வாயில் திறந்திருக்க, பிரியாணியின் மேல் மிதக்கும் அமிலமும் மேலேறுகிறது. பிறகு எரிவது அதனால்தான்.

பிரியாணியின் கொழுப்பும் இதில் சேர்கிறது. கொழுப்பு சிறுகுடலை அடையும்போது கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரந்து, தளர்வுகளை அதிகமாக்குவதுடன், இரைப்பை காலியாவதையும் தாமதப்படுத்துகிறது. சாப்பிட்ட பின் முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் தளர்வுகள் மிகுதி. உங்கள் ஒரு மணி நேரத் தூக்கம் சரியாக அவ்வேளையில் விழுகிறது.

வேலையை மாற்றிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. பெரிய உணவை மாலையில், வண்டி எடுக்குமுன் முடித்துக்கொண்டு, இரவு பதினொரு மணிக்கு இட்லியோ இடியாப்பமோ கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். சோடாவைத் தவிருங்கள். உறங்கும்போது இருக்கையை முழுவதும் சாய்க்காமல் பாதிச் சாய்வில் வையுங்கள், பெல்ட்டைத் தளர்த்திவிடுங்கள். இடுப்பை இறுக்கும் பட்டை அணிவித்துச் செய்த கிளாஸ்கோ ஆய்வில் எதுக்களிப்பு கூடியதைக் கண்டிருக்கிறார்கள். புடவையின் உள்பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டும் பெண்களுக்கும் இதைச் சொல்வது என் வழக்கம். புகைப்பழக்கம் இருந்தால் விடுங்கள், அது தசையின் அழுத்தத்தையும் உமிழ்நீரையும் ஒருசேரக் குறைக்கிறது.

ஓர் எச்சரிக்கை. வண்டி ஓட்டும்போது நெஞ்சின் நடுவில் அழுத்தமோ, கைக்கும் தாடைக்கும் பரவும் வலியோ, வியர்வையோ வந்தால் அதைக் ‘கேஸ்’ என்று எண்ணிச் சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். உடனே அருகிலுள்ள மருத்துவமனைக்குச் சென்று ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.

வைகைப்பறவை எழுதியது:

எனக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. கருவுறுவதற்கு முன் நெஞ்செரிச்சல் என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. இப்போது படுக்கவே அஞ்சுகிறேன். குழந்தைக்கு முடி அதிகம் இருப்பதால் எரிகிறது என்று மாமியார் சொல்கிறார். இதுவும் அந்தத் தளர்வுதானா, அக்கா?

உடலியங்கியல்_ஆசிரியை எழுதியது:

மகளே, உங்கள் நிலையில் காரணம் சற்று வேறு. கருவுற்ற காலத்தில் மிகுதியாகும் புரோஜெஸ்ட்ரோன் அச்சுருக்குத்தசையின் ஓய்வழுத்தத்தையே குறைக்கிறது. மாதங்கள் ஏற ஏறக் குறைந்து, பேறுகாலத்தை ஒட்டி மிகவும் தாழ்ந்து, குழந்தை பிறந்தபின் மீள்கிறது. வளரும் கருப்பை இரைப்பையை மேல்நோக்கி அழுத்துவதும் உடன் சேர்கிறது. அதனால் அஞ்ச வேண்டாம், இது உங்களுடன் நிலைத்துவிடும் நோய் அன்று. சிறிது சிறிதாகச் சாப்பிடுங்கள், இடப்பக்கமாகப் படுங்கள். ஆல்ஜினேட் கலந்த திரவ மருந்து அமிலப் படலத்தின் மீதே நுரைப் படலமாக மிதந்து தடுப்பதால் கருவுற்றவர்களுக்கு முதலில் தரப்படும் மருந்துகளில் ஒன்று. உங்கள் மகப்பேற்று மருத்துவரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஏழாம் மாதத்தில் நெஞ்செரிச்சலோடு தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்றின் வலப்பக்க வலி ஆகியவை சேர்ந்தால் அது வேறு நோயாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பாலாற்றங்கரை எழுதியது:

இங்கே எல்லோரும் தளர்வைக் குறை சொல்வதால் மறுபக்கத்தையும் பதிவு செய்கிறேன். எனக்கு இருந்த நோய் அகலேசியா. சுருக்குத்தசையைத் தளர்த்தும் நரம்பணுக்கள் அழிந்து, விழுங்கும்போது கூட அது திறக்காது. சோறு, தண்ணீர், எதுவானாலும் நெஞ்சிலேயே நின்றுவிடும். மெலிந்து போனேன். தொடக்கத்தில் எனக்கும் அமிலத் தொல்லை என்றே மாத்திரை கொடுத்தார்கள், ஏனென்றால் தேங்கிய உணவு புளித்து மேலே வந்தது. மானோமெட்ரி செய்தபின்தான் உண்மை தெரிந்தது. போயம் என்ற முறையில், எண்டோஸ்கோபி வழியாகவே அத்தசையை வெட்டிவிட்டார்கள். 2008-இல் ஜப்பானின் இனோவே மனிதர்களில் முதன்முதலாகச் செய்த முறை அது. இப்போது நன்றாக விழுங்குகிறேன், ஆனால் எதுக்களிப்பு வந்துவிட்டது. தசையை வெட்டியபின் அது பலருக்கும் வருவதுண்டு என்று முன்பே சொல்லியிருந்தார்கள். விழுங்குவதில் தடங்கல் இருக்கும் எவரும் அதை அமிலம் என்று ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குடல்நலம் எழுதியது:

மிகத் தேவையான பதிவு. விழுங்குவதில் தடை, காரணமற்ற எடைக்குறைவு, இரத்த வாந்தி, கரிய மலம், இரத்தச்சோகை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மருந்தை மாற்றி மாற்றிப் பார்த்துக் கொண்டிருக்கக் கூடாது.

காவிரிக்கரை எழுதியது:

இவ்வளவு விரிவாக விளக்கிய அனைவருக்கும் என் நன்றி. இது தசையின் கிழிசல் அன்று, நரம்பின் அனிச்சைச் செயல் என்று தெரிந்ததே எனக்குப் பெரிய ஆறுதல். மூன்று கேள்விகள் எஞ்சியுள்ளன. மூச்சுப் பயிற்சியால் பயன் உண்டா? அறுவை சிகிச்சை எப்போது தேவைப்படும்? நான் மேற்கொண்டு எந்தப் பரிசோதனையைக் கேட்க வேண்டும்?

குடல்நலம் எழுதியது:

மூச்சுப் பயிற்சிக்கு அடிப்படை இருக்கிறது. வெளிக்காவல் என்று நான் சொன்ன உதரவிதானம் நம் விருப்பத்துக்கு இயங்கக்கூடிய தசை. 2012-இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் வெளியான சிறிய ஆய்வொன்றில், வயிற்றை உப்ப வைத்து மெதுவாக மூச்சிழுக்கும் பயிற்சியால் உணவுக்குழாயில் அமிலம் தங்கும் நேரம் குறைந்தது. பின்னர் அமெரிக்காவில் செய்த ஆய்வும் சாப்பிட்டபின் இதைச் செய்தால் எதுக்களிப்பு குறைவதைக் காட்டியது. செலவில்லை, தீங்கில்லை, எனவே நான் பரிந்துரைக்கிறேன். ஆனால் வயிற்றை வேகமாக உள்ளிழுத்து மூச்சை உதைத்து விடும் கபாலபாதியை உணவுக்குப் பின் செய்யாதீர்கள், அது வயிற்றழுத்தத்தை உயர்த்தும்.

பயன் உறுதியாகத் தெரிந்த மற்ற வழிகள் மூன்று. வயிற்றுப் பருமன் இருந்தால் எடையைக் குறைப்பது முதலாவது. நார்வேயின் ஹுண்ட் மக்கள்தொகை ஆய்வில் எடை குறையக் குறைய அறிகுறிகளும் குறைந்தன. பருமனானவர்களுக்கு நிலையற்ற தளர்வுகளே எண்ணிக்கையில் கூடுதல் என்று ஹாங்காங் ஆய்வொன்று 2007-இல் காட்டியது. இரண்டாவது, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு மரக்கட்டை வைப்பது. தலையணைகளை அடுக்கினால் வயிறு மடங்கி அழுத்தம் கூடும், எனவே அது ஈடாகாது. மூன்றாவது, இடப்பக்கம் படுப்பது. அந்நிலையில் வாயில் அமிலத்தின் மட்டத்துக்கு மேலே அமைகிறது. 2022-இல் வெளியான ஆம்ஸ்டர்டாம் ஆய்வில் இடப்பக்கம் படுத்தவர்களுக்கு ஏறிய அமிலம் விரைவாக இறங்கியது. காபியை அடியோடு விட வேண்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள். அதற்கான சான்று இந்த மூன்றைப் போல வலுவானது அன்று. உங்களுக்கு ஒத்துக்கொண்டால் குடியுங்கள்.

அறுவை சிகிச்சையில் இரைப்பையின் மேற்பகுதியை உணவுக்குழாயின் அடியில் சுற்றித் தைப்பார்கள். ருடால்ஃப் நிசன் 1956-இல் வெளியிட்ட முறை அதன் மூலம். தசையை முட்டுக்கொடுப்பதோடு, இரைப்பையின் மேற்பகுதி விரிவதையும் கட்டுப்படுத்துவதால், நிலையற்ற தளர்வுகளின் எண்ணிக்கையையும் அது குறைக்கிறது. மாத்திரை தொடாத எதுக்களிப்பை நிறுத்தும் வலு அதற்கு உண்டு. அதற்கான விலையும் உண்டு: சிலருக்கு ஏப்பமே வராமல் வயிறு உப்பிக்கொள்ளும், சிலருக்கு விழுங்குவது கடினமாகும். ஆகவே அமிலம் ஏறுகிறது என்று அளந்து உறுதி செய்யாமல் எவரும் அதற்கு ஒப்பக்கூடாது.

அந்த அளவீடுதான் நீங்கள் கேட்க வேண்டிய பரிசோதனை. சுருக்குத்தசைக்கு 5 சென்டிமீட்டர் மேலே உணர்வியை வைத்து 24 மணி நேரம் அமிலத்தையும் மின்தடையையும் அளப்பார்கள். அமிலம் தங்கிய நேரம் மொத்த நேரத்தில் 4 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் இயல்பு, 6 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் நோய் உறுதி என்று, இத்துறை வல்லுநர்கள் சேர்ந்து வகுத்த லியோன் ஒருமித்த கருத்து வரையறுத்திருக்கிறது. மின்தடை அளவீடு அமிலமற்ற எதுக்களிப்பையும் காட்டும் என்பதால் உங்களுக்கு அது சேர்ந்தே தேவை. அதற்குமுன் மானோமெட்ரியும் செய்வார்கள். தசையின் உண்மையான அழுத்தம் அப்போது எண்ணாகவே தெரிந்துவிடும்.

காவிரிக்கரை எழுதியது:

பரிசோதனையின்போது மாத்திரையை நிறுத்த வேண்டுமா, ஐயா? நிறுத்தினால் எரிச்சல் முன்னைவிடக் கடுமையாக வருகிறதே?

குடல்நலம் எழுதியது:

உங்களுக்கு நோய் இருக்கிறது என்பது இதுவரை அளந்து உறுதி செய்யப்படாததால், பொதுவாக 7 நாள் நிறுத்தியபின் அளப்பார்கள். நிறுத்தியவுடன் எரிச்சல் மிகுவது நோய் முற்றியதற்கான அடையாளம் அன்று. நெடுநாள் தடுக்கப்பட்டிருந்த இரைப்பை, தடை விலகியதும் சில வாரங்கள் வழக்கத்தை விட அதிகமாக அமிலம் சுரக்கும். நலமானவர்களுக்குக் கூட மருந்தைக் கொடுத்து நிறுத்தியபோது அவ்வாறு எரிச்சல் வந்திருக்கிறது. அந்த 7 நாளுக்கு ஆல்ஜினேட் அல்லது சாதாரண அமிலமுறி மருந்தை வைத்துக்கொள்ளலாம், ஆனால் எப்போது வரை அனுமதி என்று பரிசோதனைக்கூடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பரிசோதனை நாளில் பத்தியம் இருக்க வேண்டாம். வழக்கமாக எதைச் சாப்பிட்டால் நீர் மேலேறுகிறதோ அதையே சாப்பிட்டு, ஏறும் ஒவ்வொரு முறையும் கருவியிலுள்ள பொத்தானை அழுத்துங்கள்.